வெள்ளிக்கிழமைச் செலவு

உள்ளே இன்னொரு பக்கம் புரண்டது. எண்ணக் கூடாது என்றுதான் குருவம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் பதினாலு என்று மனசு சொல்லிவிட்டது. வணிகர் சங்கத்து மாடி வராந்தாவில் ஒரு மர பெஞ்சு, தலைக்கு மேலே சுற்றும் ஆனால் காற்று வராத ஒரு பேன், எதிரே கீழ்ப்பாதி திறந்துகிடக்கும் ஆட்டக்கதவு. கதவுக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. பாலிஷ் போட்ட செருப்பு செயலாளர் ஆபிரகாம் சாருடையது, பேங்கு மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆடிக்கொண்டே இருக்கும் ரப்பர் செருப்பு தவசிக்கனி அண்ணாச்சி மகன், அவள் மேல் பிராது கொடுத்த பால்துரையுடையது. அந்தக் கால் ஆடுவது நின்றால் ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம், நிற்காத வரைக்கும் ஒன்றுமில்லை என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்திருந்தாள். அவளுடைய பதினோரு வருஷத்துக் கணக்கு நோட்டுகளும் உள்ளேதான் இருந்தன. கடலை மிட்டாய் போடுகிறவள் கை பட்ட நோட்டு அல்லவா, சில பக்கங்கள் வெல்லப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு பிரியும்போது சர்ரென்று சத்தம் வந்தது. பயமாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை, காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்து விழுங்க முடியாமல் துப்பிய நேரத்திலிருந்து பயமாகவே இருந்தது. இன்றைக்கு என்று பார்த்து வெள்ளிக்கிழமை வேறு. சங்கம் வழக்கு விசாரிப்பது வெள்ளிக்கிழமைதான், அது அவர்கள் வைத்த முறை, ஆனால் குருவம்மாளுக்கு அது தன்னைக் குத்திக்காட்டவே வைத்த முறை போல் பட்டது. இந்த வருஷ நோட்டு, புரட்டாசிப் பதினேழாம் பக்கம், சனிக்கிழமை, நாலாவது வரி. தவசிக்கனி அண்ணாச்சி கையில் ரொக்கம் 86,400. அந்த ஒரு வரி மட்டும் கண்ணை மூடினாலும் திறந்தாலும் தெரிந்தது.

கையில். அந்தச் சொல்லை எழுதாமல் விட்டிருக்கலாம். வெறுமனே தவசிக்கனி 86,400 என்று போட்டிருந்தால் வேறு யார் கையிலாவது கொடுத்தேன், ஆள் வந்து வாங்கிப் போனான் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம், இல்லை, தப்பிக்க என்ன இருக்கிறது, கொடுத்தது நிஜம், எண்ணி எண்ணிக் கொடுத்தது நிஜம். பொழுது சாய நாலு மணி, கடலைச் சரக்குக் கடன் வசூலுக்கு வந்த அண்ணாச்சி வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார், ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டு "என்னமோ வாயுவு புடிச்ச மாதிரி இருக்கு தாயி" என்றார். சுக்குக் கருப்பட்டி தட்டித் தரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டார். ரூபாயை எண்ணக்கூட இல்லை, மஞ்சள் பையில் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ரசீது கேட்டால் அவர் சிரிப்பார். "ஒன் நோட்டு இருக்கும்போது எனக்கு என்னத்துக்கு ரசீது, நீ எழுதிக்கோ, எனக்கு எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு." மண்டைக்குள் இருந்தது. அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த மண்டைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. விடியுமுன் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், பதின்மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்துவிட்டுப் போய்விட்டார். துட்டி வீட்டுக்குப் போய் அழுதவள் அழுகைக்கு நடுவில் நல்லவேளை நாம ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை என்று நினைத்ததும், அப்படி நினைத்தோமே என்று கூசியதும் இப்போது ஞாபகம் வந்தது. பிறகு பால்துரை அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சீட்டு எடுத்தான். அன்று வசூலுக்குப் போக வேண்டிய ஆறு பேர், அதில் மூன்றாவது குருவம்மா 86,400. வசூல் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுவது அவர் பழக்கம், அன்றைக்குக் கிழிக்கத் தெம்பில்லாமல் படுத்துவிட்டார் போலிருக்கிறது. பால்துரை வந்து கேட்டான், அக்கா என்றுதான் கூப்பிட்டான். கொடுத்துட்டேனே தம்பி, இந்தா பாரு என்று பெருமையாக நோட்டை விரித்துக் காட்டினாள். அவன் தேதியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் தேதியைப் பார்த்தான். "சனிக்கிழம எங்கப்பா ஐசியூவுல கெடந்தாரு. அவரு கையிலயா குடுத்தீங்க?" அதற்குப் பிறகு அவன் அக்கா என்று சொல்லவில்லை.

கொடுத்தது வெள்ளிக்கிழமை, எழுதியது சனிக்கிழமை. இவ்வளவுதான் விஷயம், ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்தில் சொல்லிவிடலாம், ஆனால் சொல்லப்போனால் பத்து வருஷத்தைச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய இரண்டாவது வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு விறகுக்காரனுக்குத் துட்டுக் கொடுத்தாள். கொடுத்துக் கால் மணி நேரம் ஆகவில்லை, பாகுச் சட்டி சாய்ந்து அவள் புருஷன் சங்கரலிங்கத்தின் இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு வேகும். அந்த நாற்றம், வெல்லமும் தோலும் சேர்ந்த நாற்றம், இப்போதும் சில நாள் சட்டி கொதிக்கும்போது வந்துவிட்டுப் போகும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் சொன்னான், "ஏளா, வெள்ளிக்கெழம லட்சுமிய வெளிய அனுப்பாத." சரி என்றாள். ஆனால் லாரி வெள்ளிக்கிழமைதான் வரும், கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாகத்தான் வந்து விடியும், கேட்டு வந்து நிற்கிறவனிடம் நாளைக்கு வா என்றால் மறுநாள் சரக்கு வராது. கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. கொடுத்தாள், ஆனால் எழுதவில்லை. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் செலவுப் பத்தியை வெறுமனே விட்டுவிட்டு, மறுநாள் சனிக்கிழமைப் பக்கத்தில் எழுதினாள். பெட்டியில் ரூபாய் குறைந்ததை லட்சுமி பார்க்க மாட்டாள், நோட்டை மட்டும்தான் வாசிப்பாள் என்று குருவம்மாளுக்கு எப்படித் தோன்றியதோ. வெள்ளி போய்ச் சனி வந்தது, சட்டி சாயவில்லை. மறுவாரமும் சாயவில்லை. சாயாத ஒன்றை எதற்கு மாற்ற வேண்டும், அப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. அண்ணாச்சிக்கும் இது தெரியும். வெள்ளிக்கிழமை வரவு வந்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம், "ஒனக்கு நாளைக்குச் செலவு, எனக்கு இன்னைக்கே வரவு" என்று கேலி பண்ணிவிட்டுப் போவார். தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்ததை அவரும் மண்டைக்குள்தான் வைத்திருந்தார்.

சர்ரென்று ஒரு பக்கம். பதினைந்தா பதினாறா, விட்டுப்போயிற்று, எண்ணிக்கை விட்டதே ஒரு பயமாக இருந்தது. இப்போது போய்ச் சொன்னால் என்ன சொல்வார்கள், மாட்டிக்கொண்டதும் தேதியை மாற்றிப் பேசுகிறாள் என்பார்கள். ஒரு தேதி பொய்யென்றால் மற்ற தேதி மட்டும் நிஜமா என்பார்கள். நேற்று பால்துரை சந்தையில் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறான், கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், நான் விட்டுருதேன் என்று. ரூபாய் கொடுத்தேன் என்று எந்தக் கோயிலிலும் அணைப்பாள், கை நடுங்காது. ஆனால் இந்த நோட்டில் எழுதியிருப்பது சத்தியம் என்று அணைக்கச் சொன்னால்? அணைக்க முடியாது. கொடுத்த பணம் நிஜம், எழுதிய நாள் பொய், கற்பூரத்துக்கு இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியுமா? எண்பத்தாறாயிரத்து நானூறு. தீபாவளிக்கு வெல்லம் போட வைத்திருக்கும் முதலே அவ்வளவுதான். அதை இன்னொரு தடவை கொடுத்தால் கைவளையல் போகும், அது போகட்டும், ஆனால் சங்கத்தில் கள்ளக் கணக்கு என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் வெல்ல மண்டியில் யாரும் ஒரு சிப்பம் கடன் தர மாட்டார்கள், வேலைக்கு வரும் நாலு பெண்களும் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள், வெந்த கையோடு சங்கரலிங்கம் இன்னொருத்தன் பட்டறையில் கூலிக்குப் பாகு கிண்டுவான். எதை வைத்துக் கர்வமாக இருந்தாளோ அதுவே வந்து கழுத்தைப் பிடிக்கிறது. இந்தத் தெருவில் யார் கணக்கு எழுதினார்கள்? எல்லோரும் கல்லாவைத் திறந்து பார்த்து ரூபாய் இருந்தால் லாபம் என்பார்கள், இல்லாவிட்டால் நேரம் சரியில்லை என்பார்கள். மகளிர் குழுவில் இரண்டு நாள் வகுப்பு எடுத்த டீச்சரம்மா சொன்னதைக் கேட்டு அவள் எழுதினாள். வரவு இந்தப் பக்கம், செலவு அந்தப் பக்கம், யார் கையில் என்று மறக்காமல் எழுதணும். எள்ளு மிட்டாய் ஓடோ ஓடென்று ஓடியபோது சங்கரலிங்கம் அதையே இன்னும் இரண்டு சட்டி போடலாம் என்று குதித்தான். நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது பாக்கெட்டுக்கு அறுபது காசு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அன்று நிறுத்தினார்கள், அதனால்தான் பட்டறை இன்றைக்கும் இருக்கிறது. பட்டறையைக் காப்பாற்றிய நோட்டு, பதினோரு வருஷம் வேப்பிலை வைத்து எறும்பு ஏறாமல் காத்த நோட்டு, பாவி, ஒரு நாள் தள்ளி எழுதியதற்கு இப்படியா?

காலடியில் இருந்த துணிப்பையில் ஒரு எறும்பு ஏறியது. அதைத் தட்டக் குனிந்தபோதுதான் பைக்குள் கம்பி இருப்பது உறைத்தது. பில் குத்தும் கம்பிகள், இந்த வருஷத்தது ஒன்று, போன வருஷத்தது ஒன்று. நோட்டை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டார்கள், பில்லை யாரும் கேட்கவில்லை. ஐயோ, கேட்டால்? கரண்ட் பில் ஆபீஸ்காரன் அடித்த முத்திரையில் வெள்ளிக்கிழமைத் தேதி இருக்குமே, லாரி ஆபீஸ் ரசீதில் இருக்குமே, டப்பாக் கடை பில்லில் இருக்குமே. ஒரு பொய்யா இரண்டு பொய்யா, கம்பி முழுக்க அவள் பொய்க்குச் சாட்சி. அவளே சுமந்து கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.  வராந்தாவில் யாரும் இல்லை. மடியில் கம்பியை வைத்து, கதவடியில் ஆடும் காலைப் பார்த்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை பில்களை உருவ ஆரம்பித்தாள். தேடுவது கஷ்டமில்லை, மறுநாள் எழுத மறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் வெ என்று போட்டிருந்தாள், அவ்வளவு ஒழுங்கு. உருவினாள், மடித்தாள், சுருக்குப் பைக்குள் திணித்தாள். கீழே இறங்கி டீக்கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து உட்கார்ந்துவிடலாம். பதினொன்று, பன்னிரண்டு. சுருக்குப் பை புடைத்துவிட்டது, வாய் கட்டவில்லை. இத்தனையா? இரண்டு வருஷத்தில் மட்டும் தனக்கே தெரியாமல் இத்தனையா? இன்னும் திணிக்க இடமில்லாமல் பதின்மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கரண்ட் பில், வைகாசி மாதத்தது, முத்திரை வெள்ளி. நோட்டில் இதைச் சனிக்கிழமை எழுதினோம். பன்னிரண்டாவதும் அப்படியே. அதற்கு முந்தினதும். ஒன்றுகூட ஞாயிறுக்குப் போகவில்லை, ஒன்றுகூட வியாழனுக்கு வரவில்லை. வெள்ளி என்றால் சனி, வெள்ளி என்றால் சனி. எவனோ ஒருத்தன் அடித்த முத்திரை, அவளுக்கு வேண்டியவனும் இல்லை, அவள் பெயர்கூடத் தெரியாதவன், அவனே அவள் பக்கத்துச் சாட்சி. அவளுக்குச் சந்தோஷமா என்று கேட்டால் இல்லை, பயம்தான், இன்னும் பெரிய பயம். இவ்வளவு நேரம் இதைத்தானே சாக்கடையில் போட இருந்தோம் என்ற பயம்.

கதவடியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "ஏம்மா குருவம்மா, உள்ள வாம்மா" என்று ஆபிரகாம் சார் கூப்பிட்டார். சுருக்குப் பையோடு கையிலிருந்த பில்லையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேஜை மேல் நோட்டுகள் வரிசையாக விரித்துக் கிடந்தன. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில், அதுதான் இன்னும் பயமாக இருந்தது, "ஒரு விசயம் எனக்குப் புரியல. பத்து வருசம் பாத்துட்டேன். ஒரு வெள்ளிக்கிழமகூட ஒனக்குச் செலவே இல்ல. வரவு இருக்கு, வேலைக்கு வந்த ஆள் கணக்கு இருக்கு, செலவு மட்டும் இல்ல. வெள்ளிக்கிழம நீங்க டீகூட குடிக்க மாட்டீங்களா?" என்றார். பால்துரை அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, அவனும் தூங்கவில்லை. சொல்லாதே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அது அவளுடைய குரல்தான். அவள் சொன்னாள். "நான் பொய் எழுதிட்டேன் சார்." பிறகு மீதியையும் சொன்னாள். விறகுக்காரனைச் சொன்னாள், பாகுச் சட்டியைச் சொன்னாள், புருஷன் கையைச் சொன்னாள், இதெல்லாம் எதற்கு என்று அவர் நிறுத்துவார் என்று பார்த்தாள், அவர் நிறுத்தவில்லை. சுருக்குப் பையைத் திறந்து கசங்கிய பில்களை மேஜையில் கொட்டினாள், கையிலிருந்ததையும் சேர்த்து வைத்தாள். "இதச் சாக்கடையில போடத்தான் சார் கம்பியில இருந்து உருவுனேன்" என்று அதையும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

சார் முதல் பில்லை நீவி விட்டார், முத்திரையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பழைய காலண்டரைப் புரட்டிக் கிழமையைப் பார்த்தார், நோட்டில் மறுநாள் பக்கத்தை எடுத்தார். இருந்தது. இரண்டாவது. இருந்தது. நாலாவதைப் பால்துரை தானாகவே கையை நீட்டி வாங்கினான். கரண்ட் ஆபீஸ் முத்திரையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான், நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் புரண்டது, சர்ரென்று ஒட்டிப் பிரிந்தது, அவள் சுவரோரமாக நின்று தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றே ஒன்று தப்பாகப் போய்விட்டால் எல்லாம் போயிற்று. பதின்மூன்றும் பார்த்து முடித்தார்கள். சார் பேனாவை மூடினார். "தம்பி, இந்தம்மா எழுதுன சனிக்கிழமச் செலவெல்லாம் வெள்ளிக்கிழம குடுத்ததா இருக்கலாம். சர்க்காரு முத்திரையே சொல்லுது. ஒங்கப்பாவுக்கு மட்டும் தனியா ஒரு தேதி ஏமாத்துனாங்கன்னு நான் சொல்ல முடியாது."  பால்துரை சட்டைப் பையிலிருந்து அப்பாவின் சீட்டை எடுத்து மேஜையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு பெயர், ஒன்றின் மேலும் கோடு இல்லை. "அப்பம் அன்னைக்கு அவரு வாங்கியிருக்காரு" என்றான் மெதுவாக. மற்ற பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "வாங்கி எங்க வச்சாரு, யாருக்குக் குடுத்தாரு? மிச்ச அஞ்சு பேரும் குடுத்துட்டாங்களா, இல்லையா? நான் யாரப் போயிக் கேக்க அக்கா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான். காலையிலிருந்து அவளிடம் இருந்த பயம் இப்போது அவன் முகத்தில் இருந்தது.  "வாயுவு புடிச்ச மாதிரி இருக்குன்னாரு தம்பி" என்று மட்டும் சொன்னாள், சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

வழக்குச் செலவு ஆளுக்கு இருநூறு ரூபாய் கட்ட வேண்டும் என்றார் சார், ரசீதுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு. பால்துரை கட்டினான். குருவம்மாள் சுருக்குப் பையைத் திறந்தாள், மடித்த இரண்டு நூறு ரூபாய்த் தாளை எடுத்தாள், அப்போதுதான் கிழமை ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றது. நாளைக்கு வந்து கட்டட்டுமா சார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பட்டறையில் இந்நேரம் சங்கரலிங்கம் இரண்டாவது சட்டியை ஏற்றியிருப்பான், வெந்த கைக்குப் பிடிமானம் பத்தாது, துணியைச் சுற்றிக்கொண்டுதான் சட்டியைச் சாய்ப்பான். சார் காத்துக்கொண்டிருந்தார். ரூபாயை மேஜையில் வைத்தாள். அவர் ரசீதில் இன்றைய தேதியை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதை வாங்கிப் பைக்குள் போடப் போனவள் போடவில்லை. இந்த வருஷ நோட்டைத் தன் பக்கம் திருப்பி, இன்றைய பக்கத்தை எடுத்தாள். பத்து வருஷமாக எதுவும் எழுதாத அந்தப் பத்தி வெள்ளையாக இருந்தது. "பேனா குடுங்க சார்" என்றாள். வெள்ளிக்கிழமை, சங்கத்துக்கு, ஆபிரகாம் சார் கையில், 200 என்று எழுதினாள். எழுத்து கோணிப்போயிருந்தது. எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, "சார், ஒரு போன் பண்ணிக்கிடுதேன்" என்று கேட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஏழாவது மணிக்குச் சங்கரலிங்கம் எடுத்தான். "என்னளா, பாகு பதத்துல நிக்கி, என்ன ஆச்சு?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றாள் குருவம்மாள். "சட்டியப் பாத்துச் சாயி."